பந்தின் மேல் ஒரு முழு உலகம்



பள்ளி ஓவிய வகுப்பில் நாம் எல்லோருமே ஒரு முறையாவது வரைந்திருக்கும் படம் ஒன்று உண்டு. தாளின் நடுவில் ஒரு புள்ளி. அதை நோக்கி ஓடும் தண்டவாளம். இரு பக்கமும் போகப் போகச் சிறிதாகும் மரங்கள். நிஜத்தில் தண்டவாளங்கள் எங்கும் ஒன்று சேர்வதில்லை, கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறது. இதைத்தான் பெர்ஸ்பெக்டிவ் என்கிறார்கள். கோடுகள் போய்ச் சேரும் அந்தப் புள்ளிக்கு மறைபுள்ளி என்று பெயர்.

அன்று எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி ஒன்று இப்போது தோன்றுகிறது. அதே இடத்தில் நின்று அப்படியே திரும்பிப் பின்னால் பார்த்தால்? அங்கேயும் தண்டவாளம் ஒரு புள்ளியில்தானே போய்ச் சேரும்! அந்த இரண்டாவது புள்ளியைத் தாளில் எங்கே வைப்பது?

கேள்வி சின்னதுதான். ஆனால் இதற்கு முழுமையான பதில் கிடைக்க ஓவியர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஜன்னல் வழியே பார்த்த காலம்

15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் புருனெலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர், அங்குள்ள ஞானஸ்நானக் கட்டடத்தை ஒரு பலகையில் வரைந்தார். பலகையில் ஒரு துளை போட்டு, பின்புறமிருந்து அதன் வழியே எதிரில் பிடித்த கண்ணாடியில் படத்தைப் பார்க்கச் செய்தார். படமும் நிஜக் கட்டடமும் ஒத்துப்போவது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. 1435-ல் ஆல்பெர்ட்டி இந்த முறையை ஒரு நூலாகவே எழுதினார். ஓவியம் என்பது ஒரு திறந்த ஜன்னல் மாதிரி என்பது அவர் சொன்ன உவமை.

நல்ல உவமைதான். ஆனால் ஜன்னல் வழியே பார்ப்பவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியாதே! தட்டையான தாளில் இரண்டு, மூன்று மறைபுள்ளிகள் வரை வைக்கலாம். அதற்கு மேல் பார்வையை விரித்துக்கொண்டே போனால் ஓரங்களில் உருவங்கள் இழுபட்டுக் கோணலாகிவிடும். 180 டிகிரியைத் தட்டைப் பெர்ஸ்பெக்டிவால் எட்டவே முடியாது.

தாளை வளைத்தவர்

அயர்லாந்தில் பிறந்து எடின்பரோவில் வாழ்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், தாள் போதவில்லை என்றால் அதைச் சுற்றி வளைத்துவிடலாமே என்று யோசித்தார். 1787-ல் இதற்குக் காப்புரிமையும் பெற்றார். கால்ட்டன் குன்றின் மேலிருந்து எடின்பரோ நகரம் சுற்றிலும் எப்படித் தெரிகிறதோ அப்படியே வரைந்து 1788-ல் காட்சிக்கு வைத்தார். கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'பனோரமா' என்ற பெயர் பிறந்ததும் இதற்காகத்தான். 'எல்லாம் தெரியும் காட்சி' என்பது அதன் பொருள்.

1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. பார்வையாளர்கள் இருட்டான வழியில் நடந்து, படியேறி, நடுவிலுள்ள மேடைக்கு வருவார்கள். திடீரென்று சுற்றிலும் ஒரு நகரம்! கட்டடம், தெரு போன்ற நேர்க்கோடுகளை ஓவியர் வளைத்துத்தான் வரைந்திருப்பார். உருளையின் நடுவில் நிற்பவர் கண்ணுக்கு அவை நேராகத் தெரியும்.

ஆனால் ஒரு குறை இருந்தது. உருளைக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. திரையின் மேல் விளிம்பை ஒரு கூரையாலும், கீழ் விளிம்பை மேடையாலும் மறைத்துவிட்டார்கள். நான்கு திசை கிடைத்துவிட்டது, தலைக்கு மேலுள்ள வானமும் காலுக்குக் கீழுள்ள தரையும் மட்டும் கிடைக்கவில்லை.

முழுக் காட்சி முழு உண்மையா?

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை வீழ்ந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் அந்தப் போரைச் சுமார் 120 அடி நீளத்தில் அரைவட்ட ஓவியமாக வைத்தார். கூட்டம் அலைமோதியது. வரைந்தவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! பார்த்தவர்களுக்கோ போர்க்களத்திலேயே நிற்பது போன்ற உணர்வு. அவர்கள் நின்றது கோட்டையைத் தாக்கியவர்கள் பக்கம். கோட்டைக்குள் இருந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைக் காட்ட ஒரு பனோரமாவும் எழும்பவில்லை. படம் எத்தனை டிகிரி விரிந்தாலும், பார்ப்பவரை எங்கே நிற்க வைப்பது என்று முடிவு செய்வது வேறொருவர்தான்.

இதே கலை நல்லதும் செய்திருக்கிறது. நெதர்லாந்தின் ஹெண்ட்ரிக் வில்லம் மெஸ்டாக், ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் ஒரு மணல்மேட்டின் மேல் கண்ணாடி உருளைக்குள் நின்றபடி, சுற்றிலும் தெரிந்ததைக் கண்ணாடி மேலேயே வரைந்துகொண்டார். பிறகு மனைவி சியன்ட்ஜேயும் மற்ற ஓவியர்களும் துணை நிற்க, 1881-ல் 14 மீட்டர் உயரம், சுமார் 120 மீட்டர் சுற்றளவில் அதைப் பெரிதாக்கி முடித்தார். அந்த மணல்மேடு பின்னாளில் வெட்டப்பட்டுவிட்டது. ஓவியம் மட்டும் ஹேக் நகரில் அதே கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. சினிமா வந்த பிறகு மற்ற பனோரமாக்களில் பெரும்பாலானவை கிழிந்தும் எரிந்தும் காணாமல் போயின. அவற்றோடு அந்தத் தொழிலும் போயிற்று.

கடைசியில் பந்து

விடுபட்ட வானத்தையும் தரையையும் சேர்த்துப் பிடித்தவர் அமெரிக்காவின் டிக் டெர்மிஸ். 1968-ல், ஓவிய மாணவராக இருந்தபோது, கோளத்தின் மேல் வரையத் தொடங்கினார். அதே ஆண்டில் பிரான்சில் ஆல்பர்ட் ஃப்ளோக்கோன், ஆந்த்ரே பார் இருவரும் வளைகோட்டுப் பெர்ஸ்பெக்டிவ் பற்றி ஒரு நூல் வெளியிட்டது வியப்பான ஒற்றுமை!

டெர்மிஸின் முறை புரிய ஒரு கற்பனை போதும். நீங்கள் ஒரு பெரிய ஒளிபுகும் பந்துக்குள், கண் சரியாக மையத்தில் இருக்கும்படி நிற்கிறீர்கள். சுற்றிலும் தெரிவதையெல்லாம் அந்தந்த இடத்தில் பந்தின் சுவரிலேயே வரைகிறீர்கள். முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு மறைபுள்ளிகள் கிடைக்கும். முன்புள்ளியில் தொடங்கும் தண்டவாளம் உங்கள் காலடியில் அகன்று, பின்புள்ளியில் மறுபடி சேரும். இதோ, நம் கேள்விக்குப் பதில்!

இதன் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நேர்க்கோட்டையும் உங்கள் கண்ணையும் சேர்த்தால் ஒரு தளம் கிடைக்கும். பந்தின் மையத்தின் வழியே செல்லும் தளம் பந்தை எப்போதும் பெருவட்டத்தில்தான் வெட்டும், பூமி உருண்டையில் நிலநடுக்கோடு மாதிரி. ஆகவே உலகின் எந்த நேர்க்கோடும் பந்தின் மேல் பெருவட்டத்தின் ஒரு பகுதியாகிவிடும். எல்லாத் திசைக்கும் ஒரே விதி, ஓரம் என்பதே கிடையாது. ஓரம் இல்லாததால் கோணலும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், வரையும்போது கண் உள்ளே இருக்கிறது, பார்க்கும்போது நாம் வெளியே நிற்கிறோம். டெர்மிஸ் தன் பந்துகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, மோட்டார் வைத்து மெதுவாகச் சுழலவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பந்து குழிவாகி, நாம் அந்த அறைக்குள் இருப்பது போலத் தோன்றும். சுழலும் திசைகூட மாறித் தெரியும்.

2007-ல் வந்த கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் நாம் விரலால் சுழற்றிப் பார்ப்பதும் இதே பந்தைத்தான். வரைவது மட்டும் கேமராவின் வேலையாகிவிட்டது.

ஒன்று மட்டும் மாறவில்லை. பந்தின் மேல் முழு உலகமும் இருந்தாலும், ஒரு நேரத்தில் அதில் பாதிக்கு மேல் யாராலும் பார்க்க முடியாது. மறுபாதிக்கு நாம்தான் நடந்து சுற்றி வரவேண்டும். வரலாற்றைப் படிப்பதும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை லண்டன் மேடையிலிருந்து பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டது என்று வீடு திரும்பியவர்கள், பார்த்தது பாதியைத்தான்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.