கட்டைக் குரலும் கூத்துக் களரியும்

சில வருடங்களுக்கு முன்னர், தமிழ்மொழித் தினப் போட்டிக்காக எமது பாடசாலையில் ஒரு நாட்டுக்கூத்துப் பழக்கினோம். பாடுவதற்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து நின்றான். நல்ல உயரம், எடுப்பான முகம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஒரு கம்பீரம். வாயைத் திறந்தால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல அடியில் இருந்து வந்தது. நாங்கள் சுருதிப் பெட்டியைப் பெண்பிள்ளைகளின் குரலுக்கு ஏற்ப வைத்திருந்தோம். அந்த உயரத்துக்கு அவனால் எட்ட முடியவில்லை. எட்ட முயன்றபோது குரல் உடைந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "உன்ர குரல் பாட்டுக்குச் சரிவராது, நீ திரை பிடி" என்று அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் இதனைச் சாதாரணமாகச் சொன்னபோது வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கூத்தில ராசாவுக்கு அந்தக் குரல்தான் வேணும் மனே. கண்ண மூடிற்றுக் கேட்டாலும் ராசா வந்திற்றார் எண்டு தெரியோணும்" என்றார். வாப்பா இளமையில் கிரான் பக்கம் வேளாண்மை செய்தவர். சூடடித்து முடிந்த காலங்களில் அயல் தமிழ்க் கிராமங்களில் விடிய விடிய நடந்த கூத்துகளைப் பார்த்தவர். அவருடைய அந்த ஒரு வார்த்தைதான் இக்கட்டுரைக்குக் காரணம். கனத்த ஆண் குரலுக்கு எமது பிரதேசத்து இசை நாடகத்தில் என்ன இடம் இருந்தது, அது எங்கே போனது என்பதை நான் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மேல்நாட்டார் 'ஒபெரா' என்று சொல்வது, பாத்திரங்கள் பேசாமல் பாடியே கதையை நடத்தும் நாடகத்தை. அது இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1600ஆம் ஆண்டளவில் தோன்றியது. ஆட்டமும் பாட்டுமாகக் கதை சொல்லும் எமது கூத்தை அதன் தூரத்து உறவு என்று சொல்வதில் தவறில்லை. இரண்டிலும் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் மனிதக் குரல் ஒரு பெருங்கூட்டத்தை ஆள வேண்டியிருந்தது. இரண்டிலும் இன்ன குரலுக்கு இன்ன பாத்திரம் என்றொரு வழக்கம் வளர்ந்தது.

ஒபெராவில் காதலன் பெரும்பாலும் உச்சத்தில் பாடுபவன். அக்குரலை 'டெனர்' என்பார்கள். அதற்குக் கீழே 'பரிடோன்', எல்லாவற்றுக்கும் அடியில் 'பாஸ்'. அடிக்குரல்காரனுக்குக் கிடைப்பவை அரசன், தந்தை, குரு, இல்லையென்றால் கொடியவன், சாத்தான். ருஷ்யாவின் கசான் நகரில் 1873இல் பிறந்த பியோதர் ஷாலியாப்பின் என்ற பாஸ் பாடகர், குற்றவுணர்ச்சியால் உருகும் போரிஸ் கொதுனோவ் என்ற மன்னனாகப் பாடி உலகப் புகழ் பெற்றார். 1938இல் பாரிஸில் இறக்கும்வரை அக்குரலுக்கு நிகர் வேறில்லை என்று பேசப்பட்டவர் அவர். எங்கள் காலத்தில் பஷ்கீரிய இனத்தவரான இல்தார் அப்த்ரசாக்கோவ் அதே வகைக் குரலால் உலகின் பெரிய அரங்குகளில் ஏறியவர். அவர் பிறந்தது 1976இல், ஊபா நகரில்.

இவ்வழக்கத்துள் எம்மைப் பற்றிய ஒரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. மோட்சார்ட் இசையமைத்து 1782ஆம் ஆண்டு யூலை மாதம் வியன்னாவில் அரங்கேறிய ஒரு நாடகம் துருக்கியப் பாஷா ஒருவரின் மாளிகையில் நடக்கிறது. அதில் ஒஸ்மின் என்றொரு காவலன் வருகிறான். முரடன், கோபக்காரன், நகைப்புக்கு இடமானவன். லுட்விக் பிஷர் என்ற பாடகரின் ஆழ்ந்த குரலை மனதில் வைத்தே அப்பாத்திரம் இசைக்கப்பட்டது. ஒபெராவில் அடிக்குரலுக்கு வைக்கப்பட்ட மிகத் தாழ்ந்த சுரங்களில் ஒன்று அவனுக்கு உரியது. ஆனால் இறுதியில் தன் பகைவனின் மகனையே மன்னித்து விடுதலை செய்யும் பெருந்தன்மையாளர் பாஷா சலீம். அவருக்கு ஒரு பாட்டும் இல்லை! நாடகம் முழுவதும் அவர் வெறுமனே பேசுகிறார். பயப்படுத்தும் முஸ்லிமுக்குப் பாட்டுக் கிடைத்தது, மன்னிக்கும் முஸ்லிமுக்குக் கிடைக்கவில்லை. மோட்சார்ட் இதனை வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் யாருக்கு எந்தக் குரல் கொடுக்கப்படுகிறது என்பது வெறும் இசை விடயம் மாத்திரமல்ல என்பதை இந்த உதாரணம் காட்டுகிறது.

இனி எமது களரிக்கு வருவோம். மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இரு வகைப்படும். வடமோடி போரும் வீரமும் மிகுந்தது. தென்மோடியில் காதலும் இசை நுணுக்கமும் மிகுதி. அண்ணாவியார் ஊரவரைக் கூட்டி ஆட்களைத் தெரிவு செய்யும்போது தோற்றத்தையும் குரலையும் சேர்த்தே பார்ப்பார். பிறகு சட்டம் கொடுத்தல், மாதக்கணக்கில் இரவுப் பழக்கம், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்று அது ஒழுங்காகச் செல்லும். வட்டக் களரியில் நாலா புறமும் சனம் இருக்கும். கூத்தர் பாரமான உடுப்பும் முடியும் தரித்து, ஆடிக்கொண்டே, எல்லாப் பக்கமும் கேட்கும்படி பாட வேண்டும்.

இந்த இடத்தில் கனத்த குரல்காரனுக்கு ஒரு துணை இருந்தது. அவன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். அரசன் நிலத்தில் வைத்ததை அவர்கள் தூக்கி ஊரெல்லாம் கொண்டுபோவார்கள். "ராசா பாடினா மத்தளம் கொஞ்சம் அடங்கும், சனமும் அடங்கும்" என்று வாப்பா சொல்வது இதைத்தான். உச்சத்தில் கூவினால்தான் பாட்டு என்ற எண்ணம் எமது களரிக்கு உரியதல்ல என்று நினைக்கிறேன். அதனைப் பரப்பியதில் ஸ்பெஷல் நாடக மேடைக்கும் பிறகு வந்த இசைத்தட்டுக்கும் பெரும் பங்குண்டு. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் மறைவதற்குள் தமிழ் மேடையைத் தன் உச்சக் குரலால் ஆண்டுவிட்டார். அவருக்குப் பின் தியாகராஜ பாகவதர் வந்தார். அவர்களைக் கேட்டு வளர்ந்த ரசனைக்குக் கட்டைக் குரல் ஒரு குறைபாடாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

முஸ்லிம்களாகிய எமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பாட்டால் கதை சொல்லும் மரபு எமக்குப் புதியதல்ல. கீழக்கரை வள்ளலைப் பாடும் சீதக்காதி நொண்டி நாடகம் தமிழ் நாடக வரலாற்றில் தவிர்க்க முடியாத நூல். கிழக்கிலங்கையில் களிகம்பு அடித்தவர்களுக்கும் அண்ணாவியார் இருந்தார். றபானோடு பாடி வந்த பக்கீர்மாரின் குரலையும், சீறாப்புராணம் படித்தவர்களின் குரலையும் எங்கள் மூத்தவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னர் வாங்கு சொன்ன மோதினார்மாரின் குரலைப் பற்றி ஒவ்வோர் ஊரிலும் ஒரு கதை உண்டு. குரலை மதித்த சமூகந்தான் நாம். சேலத்தில் பிறந்து, இங்கு வந்து, சிங்கள இசையின் பெருங்குரலாகிய மொஹிதீன் பேக்கையும் (1919-1991) இவ்விடத்தில் நினைக்கலாம்.

சிங்கள மேடைக்கும் இக்கதையில் இடமுண்டு. சிங்கள நாடகம என்ற வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது. அதனை எடுத்துப் புதுப்பித்துப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். 1961இல் அவரது 'சிங்கபாகு' பேராதனைத் திறந்தவெளி அரங்கில் வந்தது. அதிலே சிங்கமாக வந்தவர் மார்க் அந்தனி பெர்னாண்டோ. ஊரை அழிக்கும் மிருகம் அது. ஆனால் தன்னைக் கொல்ல வந்த மகனைக் கண்டதும் பாசத்தால் உருகும் தந்தையும் அதுவே. மிருகத்துக்குப் பாட்டுக் கொடுத்த கணத்தில் அது மிருகமாக இல்லாமற் போனது.

அதே பேராதனையில் அதே காலத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். விடிய விடிய நடந்ததை ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கினார். வட்டக் களரியில் இருந்ததைப் படச்சட்ட மேடைக்கு மாற்றினார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலி வதை என அவை வரிசையாக வந்தன. இராவணேசனை எழுதி, இராவணனாகவும் ஆடிப் பாடியவர் அன்று மாணவராக இருந்த சி. மௌனகுரு. அமிர்தகழியில் பிறந்தவர். எமக்கு அண்மையிலுள்ள வந்தாறுமூலையில் படித்தவர். பின்னாளில் அதே வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். கம்பனின் யுத்த காண்டத்தை அடியாகக் கொண்ட அந்நாடகத்தில் இராவணன் பத்துத் தலை அரக்கன் அல்லன். தவறு செய்துவிட்டு, அதிலிருந்து மீள மானம் இடந்தராமல், உறவுகளை ஒவ்வொன்றாய் இழந்து நிற்கும் மனிதன்.

இந்த நாடகத்தை நான் பார்த்தது 2002 பெப்ரவரி யுத்த நிறுத்தத்தின் பின்னர், ஆசிரியப் பயிற்சிக் காலத்தில். பல்கலைக்கழக மாணவர்கள் அதனை மீண்டும் மேடையேற்றியிருந்தார்கள். அதுவரை நான் கூத்து ஒன்றை நேரில் பார்த்ததில்லை. காரணத்தை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1985இன் கலவரமும் 1990இன் கொலைகளும் பாலத்தின் இப்பக்கத்தையும் அப்பக்கத்தையும் பிரித்துப் போட்டிருந்தன. ரயிலும் வாகனமும் மாறிமாறிச் சென்ற எங்கள் பழைய இரும்புப் பாலம் அப்படியே நின்றது. ஆனால் இரவில் அதைக் கடந்து கூத்துப் பார்க்கப் போன காலம் முடிந்துவிட்டது. வாப்பாவுக்கு அக்கரையில் இருந்து காற்றோடு வந்தது மத்தளமும் ராசாவின் குரலும். என் பிள்ளைப் பருவத்தில் அக்கரையில் இருந்து வந்தது வெடிச் சத்தம். அக்கரைப் பிள்ளைகளும் எங்கள் பக்கத்தைப் பற்றி இதையேதான் சொல்வார்கள்.

அன்று மண்டபத்தில் இராவணன் பாடத் தொடங்கியபோது எனக்குள் இருந்த பயம் குறைந்ததை நான் உணர்ந்தேன். தூரத்தில் இருந்து கேட்டால் கனத்த குரல் உறுமலாகத்தான் கேட்கும். கிட்ட இருந்து கேட்டால் அதில் அழுகையும் இருக்கிறது. இருபது வயது கடந்த பின்னர் அறிந்த இந்த உண்மையை, ஆசிரியனான பின்னர் என் மாணவன் ஒருவன் விடயத்தில் நான் மறந்துவிட்டேன் என்பதுதான் என் வெட்கம்.

எமது பாடசாலைகளில் நடப்பது என்ன? ஆண்பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதளவில் குரல் மாறுகிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் நாம் அவனைப் பாட்டிலிருந்து நீக்கிவிடுகிறோம். பெண்பிள்ளைகள் ஐந்து, ஆறு கட்டையில் பாடும்போது ஒரு கட்டையில் பாடவேண்டியவனை அங்கே நிறுத்தினால் அவன் என்ன செய்வான்? கத்துவான், அல்லது வாயை மூடிக்கொள்வான். பிறகு நாடகம் என்று வந்தால் அவனைத் தேடிப் பிடித்து அரக்கனாக்குவோம், திருடனாக்குவோம். அவனுக்கு "ஆ... ஹா... ஹா" என்ற சிரிப்பு மட்டும் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒஸ்மினுக்குக் கிடைத்த பாட்டாவது அவனுக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பழைய அண்ணாவிமார் செய்ததையே செய்யலாம். ஆளுக்கு ஏற்ற சுருதியில் பாடவிட்டு, பிற்பாட்டுக் குழுவைக் கொண்டு அடியைத் தூக்கலாம். பெண்பிள்ளைகளோடு சேர்ந்து பாடும் இடங்களில் அவன் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. கேட்கும் பொறுமை ஒன்றுதான் தேவை.

இன்று அயல் கிராமங்களில் மீண்டும் கூத்துப் பழகுகிறார்கள். வெள்ளாமை வெட்டி, கோயில் சடங்குக் காலம் வரும்போது களரிகளில் மத்தளம் கேட்கிறது. பல்கலைக்கழக மேடைகளிலும் கூத்துகள் ஏறுகின்றன. பாலத்தைக் கடப்பதற்கு இப்போது எவரும் எங்களைத் தடுப்பதில்லை. தடுப்பது பழக்கம் விட்டுப்போனது மாத்திரமே.

அந்த மாணவனை மறுவருடம் நானே போய் அழைத்தேன். முதலில் வரமாட்டேன் என்றான். "திரை பிடிக்கிறதுக்கா சேர்?" என்று கேட்டான். இல்லை, ராசாவுக்கு என்றேன். சுருதிப் பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கி வைத்தோம். அவன் பாடினான். வாப்பாவைப் பழக்கம் பார்க்கக் கூட்டிச் சென்றிருந்தேன். அவர் கதிரையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டு கேட்டார். போட்டியில் எமக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. பிற்பாட்டுப் பிள்ளைகள் தாளம் தப்பிவிட்டார்கள். ஆனால் வரும் கூத்துக் காலத்தில் அவனையும் அவனுடைய கூட்டாளிகளையும் பாலத்துக்கு அப்பால் ஒரு களரிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.