நூறாவது நாளின் கணக்கு

2021 அக்டோபர் 1ஆம் தேதி காலை பத்து மணி இருக்கும். ஊரில் இருந்துகொண்டே வேலை பார்த்த கொரோனா காலம். ஆபீஸில் ஏதோ சர்வர் படுத்துவிட்டது. அந்தப் பிழைச் செய்தியைத் தேடலாம் என்று கூகுளைத் திறந்தால் அங்கே சிவாஜி கணேசன் இருந்தார். அவருடைய 93ஆவது பிறந்தநாளுக்காகக் கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்து வைத்திருந்தது. சர்வர் கிடக்கட்டும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு ஓடினேன். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எல்லா ஊர்லயும் தெரியுமா இது?"

"இந்தியா பூரா தெரியும் பெரியப்பா."

"எத்தனை நாள் ஓடும்?"

"ஒரு நாள்தான். நாளைக்கு எடுத்துருவாங்க."

"ஒரு நாளா..." என்று இழுத்தார். அந்த இழுப்பில் இருந்த ஏமாற்றம் என்னவென்று எனக்குத் தெரியும். முந்தைய ஆண்டு ஊரடங்கில்தான் அவருடைய நோட்டை எக்செலில் ஏற்றி முடித்திருந்தேன்.

கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர் பெரியப்பா. பேரேடு எழுதிய கை. 1964 தீபாவளியில் தொடங்கும் அந்த நோட்டில் சிவப்பு மையால் கோடு கிழித்து ஆறு பத்திகள்: படம், வெளியான தேதி, ஊர், தியேட்டர், நாள், குறிப்பு. சிவாஜி படங்கள் எந்த ஊரில் எத்தனை நாள் ஓடின என்ற கணக்கு. 'ஷிப்டிங்' என்று சில இடங்களில் குறிப்பு இருக்கும். பெரிய தியேட்டரிலிருந்து எடுத்துச் சின்னத் தியேட்டருக்கு மாற்றி ஓட்டினால் அது ஷிப்டிங். நேரடியாக ஓடிய நூறு நாளுக்கும் ஷிப்டிங்கில் ஓடிய நூறு நாளுக்கும் உள்ள மரியாதை வேறு. ரசிகர்கள் இதற்காகக் கைகலப்பு வரை போயிருக்கிறார்கள்.

என் தலைமுறைக்கு இது புரியக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். இன்று ஒரு படம் ஆயிரக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் வந்து, முதல் மூன்று நாளில் கணக்கு முடிந்துவிடுகிறது. அன்று பிரிண்டுகள் குறைவு. படம் முதலில் பெரிய ஊர்களுக்குப் போகும். அங்கே ஓடிக் களைத்த பிறகு சின்ன ஊருக்கு வரும், கடைசியில் மணலைக் குவித்து உட்காரும் டூரிங் டாக்கீஸுக்கு வரும். ஆகவே ஒரு தியேட்டரில் 50 நாள், 100 நாள், 175 நாள் வெள்ளி விழா என்பது படத்துக்கு மட்டுமான பெருமையல்ல, அந்த ஊருக்கே பெருமை. 'எங்க ஊர்ல நூறு நாள்' என்று சொல்லும்போது அதில் 'நாங்கள்' ஒளிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எதிரே எம்.ஜி.ஆர். இருந்தார். எங்கள் வீட்டிலேயே இருந்தார். பெரியப்பா சிவாஜி, அவர் தம்பியான என் அப்பா எம்.ஜி.ஆர். 1964 பொங்கலுக்கு 'கர்ணன்' வந்த அதே நாளில்தான் 'வேட்டைக்காரன்' வந்தது. போதாக்குறைக்கு சிவாஜிக்கு சிவாஜியே போட்டி. 1964 தீபாவளிக்கு 'நவராத்திரி'யும் 'முரடன் முத்து'வும், 1967 தீபாவளிக்கு 'ஊட்டி வரை உறவு'ம் 'இரு மலர்க'ளும், 1970 தீபாவளிக்கு 'எங்கிருந்தோ வந்தா'ளும் 'சொர்க்க'மும் என்று ஒரே நாளில் இரண்டிரண்டு படங்கள். எம்.ஜி.ஆர். ரசிகருக்கு ஒரு வரிசை. சிவாஜி ரசிகருக்கு இரண்டு வரிசை, ஒரே சட்டைப்பை.

இந்த நோட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தேதி கண்ணில் பட்டது. சிவாஜியின் முதல் படமான 'பராசக்தி'யைப் பெரியப்பா சின்ன வயதுக் கதையாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனாலும் நோட்டின் முதல் பக்கத்தில் அதைப் பின்னால் எழுதிச் சேர்த்திருக்கிறார்: 17.10.1952. எனக்கு அந்தத் தேதி வேறெங்கோ பார்த்ததாகத் தோன்றியது. அப்பாதான் சொன்னார். எம்.ஜி.ஆர். அண்ணா தி.மு.க.வைத் தொடங்கியது 1972 அக்டோபர் 17. சரியாக இருபது ஆண்டு. கலைஞரின் வசனத்தைப் பேசி ஒரே படத்தில் உச்சிக்குப் போனவர் சிவாஜி. அதே கலைஞரோடு முறித்துக்கொண்டு கட்சி தொடங்கி, ஐந்தே ஆண்டில் முதலமைச்சர் ஆனவர் எம்.ஜி.ஆர்.

தமிழ் சினிமா ரசிகர் மன்றம் என்றதும் ஆய்வாளர்கள் எம்.ஜி.ஆரிடம்தான் போவார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 'தி இமேஜ் டிராப்' எழுதியதும் அவரைப் பற்றித்தான். நியாயம்தான். மன்றம் கட்சியாகி, கட்சி ஆட்சியான கதை உலகத்தில் எத்தனை இடத்தில் நடந்திருக்கிறது? ஆனால் மன்றம் மன்றமாகவே நின்றுபோன கதையை யாரும் அவ்வளவாகப் பேசியதில்லை.

அகில இந்திய சிவாஜி ரசிகர் மன்றத்தைக் கட்டியவர் யார் தெரியுமா? சின்ன அண்ணாமலை. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் அவரை அடைத்து வைத்திருந்த திருவாடானைச் சிறையை மக்கள் திரண்டு வந்து உடைத்து அவரை வெளியே கொண்டுபோனார்கள். பின்னாளில் தமிழ்ப் பண்ணை என்ற பதிப்பகம் நடத்தியவர். ராஜாஜிக்கும் கல்கிக்கும் நெருக்கமானவர். இந்த மனிதர்தான் 'சிவாஜி ரசிகன்' என்ற பத்திரிகையை நடத்தினார். சிறையை உடைத்த கூட்டத்தைப் பார்த்தவர், கொட்டகை வாசலில் நிற்கும் கூட்டத்தில் என்ன பார்த்தார் என்று அடிக்கடி யோசிப்பேன். சிவாஜியும் காங்கிரஸ், காமராஜர் பக்தர். திராவிட இயக்கம் கையில் எடுத்துக்கொண்ட சினிமாவை, சினிமாவாலேயே எதிர்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அந்த மன்றத்துக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கைக்குத் தேர்வு வந்தது எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்தார். ஜானகி அம்மாளின் ஆட்சியை காங்கிரஸ் ஆதரிக்கவில்லை என்று சிவாஜி காங்கிரஸிலிருந்து வெளியேறி, 1988-இல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கினார். 1989 ஜனவரி தேர்தலில் ஜானகி அணியோடு கூட்டு. முப்பது வருஷம் எதிர்க் கொட்டகையில் நின்றவரின் மனைவிக்காக சிவாஜி ரசிகர்கள் ஓட்டுக் கேட்டார்கள். சிவாஜி திருவையாற்றில் நின்றார். பெரியப்பாவின் சொந்தத் தொகுதி. இருபது நாள் லீவு போட்டுவிட்டுச் சைக்கிளில் சுற்றியிருக்கிறார்.

"போற ஊர்லல்லாம் கூட்டம்டா தம்பி. பொம்பளைங்க ஆரத்தி எடுக்குறாங்க. வயசானவங்க அவரு கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. நான் ஜெயிச்சாச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அது படம் பாக்க வந்த கூட்டம். ஓட்டுப் போட வந்த கூட்டம் இல்ல."

சிவாஜி தோற்றார். அவர் கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. ஆண்டிப்பட்டியில் ஜானகி அம்மாளும் தோற்றார். 2017-இல் சிவாஜி மணிமண்டபத் திறப்பு விழாவில் பேசிய ரஜினிகாந்த், அந்தத் தோல்வி சிவாஜிக்கு அவமானமல்ல, அந்தத் தொகுதி மக்களுக்குத்தான் அவமானம் என்ற பொருளில் சொன்னார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, "நான் போட்டேனேய்யா!" என்று டிவியிடமே சொன்னார்.

ஜெயித்தவர்களுக்கு ஓட்டப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவிடம் எம்.ஜி.ஆர். படங்களின் நோட்டு எதுவும் கிடையாது. இருக்க வேண்டிய அவசியம் என்ன? மெரினாவில் சமாதி இருக்கிறது. சத்துணவு இருக்கிறது. கொடி, சின்னம், ஆட்சி எல்லாம் இருந்தது. பெரியப்பாவிடம் இருந்தது அந்த ஆறு பத்திதான். தோற்றவர்கள்தான் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கணக்கு சரியா? எக்செலில் ஏற்றும்போது எனக்கு வந்த சிக்கல் இதுதான். ஒரு படத்துக்கு நேரே எங்கள் பக்கத்து ஊர் கொட்டகையில் 100 என்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் 93. மை வேறு, பேனா வேறு. டேட்டாவைச் சுத்தம் செய்து பிழைப்பு நடத்துகிறவன் நான். விடுவேனா?

முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். 93ஆம் நாளே வசூல் படுத்துவிட்டது. கொட்டகைக்காரர் படத்தைத் தூக்கப் போகிறேன் என்றார். மன்றத்துப் பிள்ளைகள் போய்க் கெஞ்சியிருக்கிறார்கள். மீதி ஏழு நாளுக்கு இத்தனை டிக்கெட் நீங்களே எடுத்துக்கொள்வதானால் ஓட்டுகிறேன் என்று பேசி முடிந்தது. பெரியப்பா கைக்கடிகாரத்தை அடகு வைத்தார். ஆளில்லாத கொட்டகையில் ஏழு நாள் படம் ஓடியது. நூறாவது நாள் தோரணம் கட்டி, லட்டு கொடுத்து, வெடி வெடித்திருக்கிறார்கள்.

"அப்ப இது பொய்க்கணக்குதானே பெரியப்பா?"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எல்லாரும் ஓட்டுனதுதான்டா. நாங்க மட்டும் என்ன." ஐம்பது வருஷத்தில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே கட்சியில் நின்று நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். பெரியப்பாவுக்குக் கொடுத்த வாக்கு.

இதையெல்லாம் கேட்கும்போது, இத்தனையும் ஒரு நடிகனுக்காகவா என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டவன்தான். கல்லூரி விடுதியில் சிவாஜியைப் போல் கன்னம் துடிக்கப் பேசிக் காட்டிச் சிரிப்பு வாங்கியவன். 'ஓவர் ஆக்டிங்' என்பது எங்கள் தலைமுறை அவருக்குக் கொடுத்த பட்டம். அதை மாற்றியது 2012 மார்ச் 16. படத்தையும் ஒலியையும் சீர்செய்து 'கர்ணனை' டிஜிட்டலில் மறுபடி வெளியிட்டார்கள். நான் அப்போதுதான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெரியப்பா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் கட்அவுட்டுக்கு மாலை, கற்பூரம். தேங்காய் உடைத்தவர்களில் பாதிப் பேருக்கு அறுபது வயதுக்கு மேல்.

ஒரு பெரிய திரையில், நல்ல ஒலியில், அறுநூறு பேரோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்த நடிப்பு எந்த அளவுக்காகத் தைக்கப்பட்டது என்று தெரிந்தது. சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குச் சேதி கொண்டுபோகக் கற்றவர் அவர். அவருடைய ரசிகர் மணலில், எதிர்க்காற்றில், இரைகிற ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த ஆளுக்குக் கேட்க வேண்டும், தெரிய வேண்டும். ஐந்து இஞ்ச் செல்போனில் பார்த்துவிட்டு நாம் 'ஓவர்' என்கிறோம். சின்னதாகச் செய்யவும் அவருக்குத் தெரியும். 1985-இல் 'முதல் மரியாதை' பார்த்தவர்களுக்கு அது விளங்கியிருக்கும். கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் 1960-இல் சிறந்த நடிகர் விருது, பிரெஞ்சு அரசின் செவாலியே, தாதாசாகேப் பால்கே எல்லாம் வந்தும், சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கடைசிவரை வரவில்லை. பெரியப்பா நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. வெறும் பக்கம்.

1964-இல் 'கர்ணன்' செலவுக்கேற்ற வசூலைத் தரவில்லை என்பது பொதுப்பேச்சு. பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் 2012-இல் அது சென்னையில் நூறு நாளைத் தாண்டியது. யாரும் கடிகாரத்தை அடகு வைக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே திவ்யா ஃபிலிம்ஸ் எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவ'னைக் கொண்டுவந்தது. 'கர்ணன்' எடுத்த பி.ஆர். பந்துலு அடுத்த ஆண்டு எடுத்த படம் அது. அது வெள்ளி விழாவே கொண்டாடியது. அப்பா ஒரு வாரம் பெரியப்பாவிடம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இழப்புதான். சாயங்காலம் போனால் நாலு ரசிகர்களாவது நின்று பேசிக்கொண்டிருப்பார்கள் என்று பெரியப்பா சொல்லும் அண்ணா சாலை சாந்தி தியேட்டர் 2016-இல் மூடப்பட்டது. 2006-இல் கலைஞர் திறந்துவைத்த கடற்கரைச் சாலை சிலை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கில் நீதிமன்ற உத்தரவின்படி 2017 ஆகஸ்டில் ஓர் இரவில் அகற்றப்பட்டது. இப்போது அடையாறு மணிமண்டபத்தில் இருக்கிறது. முதலமைச்சர்களின் சமாதிகள் அதே சாலையில் அங்கேயே இருக்கின்றன. வண்டி ஓட்டுபவருக்குப் பார்வை மறைத்தது என்னவோ சிவாஜிதான். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனக்குத்தான் அந்தச் சாலையில் பைக்கில் போகும்போதெல்லாம் அந்தக் காலி இடம் கண்ணை உறுத்துகிறது.

93-ஐ என்ன செய்தேன் என்று சொல்ல மறந்துவிட்டேன். 100 என்று ஏற்றினால் பொய். 93 என்று ஏற்றினால், அந்த ஏழு நாள் காலிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எங்கே போவார்கள்? கடைசியில் ஏழாவதாக ஒரு பத்தி சேர்த்தேன். 'படம் ஓடியது: 93. ரசிகர்கள் ஓட்டியது: 7.' பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அழிக்கவும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் திண்ணைக்குப் போனபோது நோட்டு திறந்து கிடந்தது. வருஷக்கணக்காக எதுவும் எழுதாத கை. எழுத்து கோணியிருந்தது. படம் என்ற இடத்தில் 'பிறந்தநாள்'. ஊர்: இந்தியா. தியேட்டர்: கூகுள். நாள்: 1. குறிப்புப் பத்தியில், 'யாரும் காசு கொடுத்து ஓட்டவில்லை.'