குடுவைக்குள் ஓர் உடல்: உலோகக்கலவை அரிமானச் சோதனையும் உடல்நீர்க் கரைசல்களின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

எலும்பு முறிவுச் சிகிச்சைக்கும் பல் சீரமைப்புக்கும் பயன்படும் உலோகக்கலவைகள் அரிமானத்தைத் தாங்குமா என்பதை ஆய்வகங்கள் உடல்நீர் ஒத்த கரைசல்களில் சோதிக்கின்றன. அக்கரைசல்களுள் பெரும்பாலானவை அரிமான ஆய்வுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. அவற்றின் தோற்றத்தை வரலாற்று நோக்கில் ஆராயும் இக்கட்டுரை, சோதனை முடிவுகள் எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்பதைக் காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அரிமானம், உடல்நீர் ஒத்த கரைசல், உடல் உள்வைப்பு, குளோரைடு, புதுச்சேரி

முன்னுரை

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1866இல், கடலுக்குள் நீண்ட இரும்புத் துறைப்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுப் புயலில் அது சிதைந்தது. அதன் தூண்களின் எச்சங்களைக் கடற்கரைச் சாலையிலிருந்து இன்றும் காணலாம். பாலத்தை வீழ்த்தியது காற்றும் அலையும். எஞ்சிய தூண்களை அன்றாடம் அரித்து வருவது உப்பு. கடல்நீரின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு உள்ளது. மனிதக் குருதியின் பிளாஸ்மாவில் அதன் அளவு ஏறத்தாழ 3.6 கிராம், அதாவது கடலில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கு. எலும்பில் பொருத்தப்படும் தகடு, துறைப்பாலத் தூணைப் போலவே, உப்புநீரில் நின்றுதான் தன் பணியைச் செய்கிறது. வேறுபாடு, இந்த உப்புநீர் 37 பாகை வெப்பத்தில் இருக்கிறது, உயிருள்ளதாகவும் இருக்கிறது.

கடலும் குருதியும்

கடலுக்கும் குருதிக்கும் உள்ள இந்த ஒப்புமையைப் பிரெஞ்சு உடலியல் நெடுங்காலத்திற்கு முன்பே முன்வைத்தது. உயிரணுக்கள் வாழ்வது புறவுலகில் அன்று, உடலின் அகச்சூழலில் என்று 19ஆம் நூற்றாண்டில் கிளோத் பெர்னார் நிறுவினார். ரெனே கெந்தோன் அக்கருத்தை மேலும் கொண்டுசென்று, அகச்சூழல் என்பது பழங்கடலின் எச்சமே என்று வாதிட்டார். 1897இல் நாய்களின் குருதியை வடித்து, நீர்த்த கடல்நீரை ஈடாகச் செலுத்திய அவருடைய சோதனைகள் பேசப்பட்டன. 1904இல் கடல்நீரை உயிரிச்சூழலாகக் காணும் அவரது நூல் வெளிவந்தது. அவருடைய பரிணாம விளக்கம் பின்னர் ஏற்கப்படவில்லை. எனினும், உடலுக்கு ஈடான ஒரு நீர்மத்தைக் கலயத்தில் தயாரிக்கலாம் என்ற நம்பிக்கையை அக்காலத்தின் பொதுப்போக்காகவே கொள்ள வேண்டும். அம்மருத்துவ மரபின் ஒரு கிளை புதுச்சேரியிலும் இருந்தது: 1823இல் பிரெஞ்சு அரசு இங்கு நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்ததே இன்றைய ஜிப்மர்.

கரைசல்கள் யாருக்காகப் பிறந்தன?

இன்று அரிமான ஆய்வேடுகளில் அடிக்கடி இடம்பெறும் பெயர்கள் ரிங்கர், ஹாங்க்ஸ், கொகுபோ ஆகியன. மூவரும் உலோகத்தை எண்ணிக் கரைசல் தயாரித்தவர்கள் அல்லர்.

இலண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே துடிக்கச் செய்ய முயன்றார். உப்புநீரில் அது துடித்துக்கொண்டிருந்ததாக 1882இல் எழுதினார். பின்னரே, அந்நீர் வடிநீரன்று, நகரக் குழாய்நீர் என்பது தெரியவந்தது. வடிநீரில் கரைத்த உப்பில் இதயம் நின்றுபோயிற்று. குழாய்நீரில் இருந்த கால்சியமே அதைத் துடிக்க வைத்திருந்தது. 1883இல் அவர் தம் கருத்தைத் திருத்தி வெளியிட்டார். கரைசலின் கலவையைக் குறிக்கும்போது நீரின் மூலத்தையும் குறிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. 1949இல் வெளிவந்த ஹாங்க்ஸ் கரைசலின் நோக்கம் உயிரணுக்களையும் திசுக்களையும் பேணுவது. அதனால்தான் அதில் குளுக்கோசும் உண்டு.

கொகுபோவின் கரைசல் இன்னும் நுட்பமாகக் கவனிக்கத்தக்கது. கியோத்தோவில் 1990இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய இக்கரைசல், கண்ணாடிப் பீங்கான் போன்ற பொருள்களின் மீது அபடைட் படலம் உருவாகுமா, அதன்வழி எலும்பு ஒட்டுமா என்பதை முன்னறிவதற்கானது. 2007இல் அதனை அடியொற்றி வந்த ஐ.எஸ்.ஓ. 23317 தரக்குறிப்பும் அபடைட் உருவாக்கத்தையே பேசுகிறது. அதன் அயனிகளைப் பிளாஸ்மாவோடு ஒப்பிட்டால், சோடியமும் கால்சியமும் பொருந்துகின்றன, குளோரைடு பொருந்தவில்லை. பிளாஸ்மாவில் லிட்டருக்கு 103 மில்லிமோல், கரைசலில் 147.8. பைகார்பனேட்டு 27க்குப் பதிலாக 4.2 மட்டுமே. இக்குறையைக் களைந்த திருத்தப்பட்ட கரைசல்கள் 2003இல் முன்மொழியப்பட்டன. ஆனால் பைகார்பனேட்டு கூடும்போது கால்சியம் கார்பனேட்டு படிந்துவிடும் இடர் இருந்ததால் பழைய கலவையே நிலைத்தது.

அபடைட் ஆய்வாளருக்கு இது சிறு விலகல். அரிமான ஆய்வாளருக்கு அவ்வாறன்று. குழி அரிமானத்தைத் தூண்டும் முதன்மை அயனியே குளோரைடு. அது 40 விழுக்காட்டிற்கு மேல் மிகுந்திருக்கும் கரைசலில் ஓர் எஃகு தோற்றால், உடலிலும் தோற்கும் என்று கூறிவிட முடியாது. அது வென்றாலும் முடிவு உறுதியாகாது. இக்கரைசலில் புரதங்கள் இல்லை. அழற்சியின்போது வெள்ளணுக்கள் வெளியிடும் ஹைட்ரசன் பெராக்சைடு இல்லை. அறுவைக்குப் பின் காயத்தருகே அமிலத்தன்மை கூடுவதும் இல்லை. கார அமிலச் சமநிலையைக் காப்பது டிரிஸ் என்னும் தாங்கல். அது உடலில் இல்லாத பொருள். கரைந்து மறையும் மக்னீசியக் கலவைகளை அது விரைவாக அரிக்கும் என்பது அறியப்பட்டதே.

விதிவிலக்காக ஒரு கரைசலைச் சொல்லலாம். 1963இல் ஃபுசயாமாவும் உடனாய்வாளர்களும் பயன்படுத்திய செயற்கை உமிழ்நீர், வாயில் தங்கமும் பாதரசக் கலவையும் ஒன்றையொன்று தொடும்போது நிகழும் அரிமானத்தை அறியவே தோன்றியது. தமிழகக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளில் பல் சீரமைப்புக் கம்பிகள்மீது நடக்கும் சோதனைகள் பலவும் அக்கலவையைச் சார்ந்தவை. நோக்கமும் கரைசலும் ஒத்துப்போகும் அரிய இடம் இது.

எவர்சில்வரும் எலும்புத் தகடும்

உடலுக்குள் உலோகம் அரிக்கப்படுவது அறுவை மருத்துவர்களுக்குச் சோதனைக்குழாய்க்கு முன்பே தெரிந்திருந்தது. பெல்சியத்தின் லம்போத் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்னீசியத் தகட்டை எஃகுத் திருகுகளோடு பொருத்தினார். இரு வேறு உலோகங்களும் உடல்நீரும் சேர்ந்து மின்கலமாயின, வாயு திரண்டது, சில நாள்களிலேயே தகடு சிதைந்தது. வெனபிள், ஸ்டக், பீச் மூவரும் 1937இல் விலங்குகளில் நடத்திய ஆய்வு, எலும்பைச் சேதப்படுத்துவது இந்த மின்பகுப்பே என்று காட்டிக் கோபால்ட்டு குரோமியக் கலவைக்கு வழிவகுத்தது.

செலவு கருதி எலும்புத் தகடுகளுக்கு இன்றும் பெரிதும் கையாளப்படுவது 316எல் எஃகு. தமிழில் இதைத் ‘துருப்பிடிக்காத எஃகு’ என்கிறோம். மக்கள் வழக்கில் ‘எவர்சில்வர்’. இரண்டு பெயர்களும் ஒரு வாக்குறுதியைத் தருகின்றன. பாத்திர எஃகில் பொதுவாக இல்லாத மாலிப்டினம் 316எல் எஃகில் உண்டு, கரிமமும் 0.03 விழுக்காட்டிற்கு மிகாது. ஆயினும் அதைக் காப்பது சில நானோமீட்டர் தடிப்புள்ள குரோமிய ஆக்சைடு படலம் மட்டுமே. அது கிழியும், ஆக்சிசன் கிடைத்தால் தானே மூடிக்கொள்ளும். எனவே ‘அரிமானத்தைத் தாங்கும் எஃகு’ என்பதே கலைச்சொல்லாகப் பொருந்தும் எனக் கருதுகிறேன்.

மீட்டெடுத்த தகடுகளின் சான்று

புதுச்சேரிக்கு வடக்கே அதே கடற்கரையில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னைப் பல்கலைக்கழகமும் 1990களில் இத்துறையில் செய்த பணி தனித்துச் சுட்டத்தக்கது. மு. சிவகுமார், உ. காமாட்சி முதலி, ச. இராசேசுவரி முதலியோர் ஃபெரைட் எஃகு, இருநிலை எஃகு போன்ற மாற்றுகளைக் கரைசலில் சோதித்ததோடு நிற்கவில்லை. நோயாளிகளின் உடலில் பழுதுபட்ட உள்வைப்புகளையும் ஆராய்ந்து வெளியிட்டனர். காமாட்சி முதலி, ஸ்ரீதர், பல்தேவ் ராஜ் ஆகியோரின் விரிவான மதிப்பாய்வு 2003இல் ‘சாதனா’ இதழில் வந்தது.

தகட்டின் துளைக்கும் திருகின் தலைக்கும் இடையிலுள்ள இடுக்கு இங்கு முதன்மை பெறுகிறது. அங்கே ஆக்சிசன் தீர்ந்துவிடுவதால் கிழிந்த படலம் மூடுவதில்லை. கரைந்த உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தைப் பெருக்குகின்றன. குளோரைடு உள்ளே ஈர்க்கப்படுகிறது. நோயாளி நடக்கும் ஒவ்வொரு அடியிலும் திருகு நுண்ணளவில் உராய்ந்து படலத்தை மீண்டும் கிழிக்கிறது. தோன்றிய குழி, அயர்வு விரிசலுக்குத் தொடக்கப்புள்ளி ஆகிறது. மெருகேற்றிய தட்டையான எஃகுத் துண்டு அசைவற்ற கரைசலில் சில மணிநேரம் கிடக்கும் சோதனையில் இடுக்கும் இல்லை, நடையும் இல்லை.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கடல் அரிமானத்தை ஆராய மண்டபத்தில் தனி நிலையம் வைத்திருக்கிறது. அங்கு உலோகத் துண்டுகள் செயற்கைக் கடல்நீரில் அன்றி, உண்மைக் கடலின் நீரிலும் காற்றிலும் வைக்கப்படுகின்றன. உடலுக்கு அத்தகைய நிலையத்தை அமைக்க இயலாது. அறுவை மேசையில் கழற்றப்பட்ட தகடும் திருகும், அவை எத்தனை மாதம் எந்த எலும்பில் இருந்தன என்னும் குறிப்பும் மட்டுமே அதற்கு ஈடு.