வட்டத்துக்குள் வந்த கேமரா

பிரேக் டான்ஸ் என்ற பெயரில் உள்ள ‘பிரேக்’ இசைத்தட்டு உலகத்துச் சொல். ஃபங்க், சோல் பாட்டுகளில் பாடுகிறவரும் ஊதுகருவிகளும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டுமோ, கூடவே பேஸ் கிதாரும் சேர்ந்தோ சில நொடிகள் தனித்து ஒலிக்கும் இடத்துக்கு அந்தப் பெயர். வண்டியின் பிரேக்கையும் இதையும் தமிழில் ஒரே மாதிரி எழுதுவதால், உடம்பை வெட்டி வெட்டி நிறுத்தி ஆடுவதுதான் பிரேக் டான்ஸ் என்று எண்ணிவிட இடமுண்டு. ஆடியவர்கள் தங்கள் ஆட்டத்தை அப்படி அழைக்கவும் இல்லை. அவர்களுக்கு அது ‘பிரேக்கிங்’. பிரேக்குக்கு ஆடும் பையன் பி-பாய், பெண் பி-கேர்ள். ‘பிரேக் டான்ஸ்’ என்பது பத்திரிகைகளும் சினிமாவும் பரப்பிய பெயர்.

நியூயார்க் நகரின் வடபகுதியான பிராங்க்ஸ் இந்த ஆட்டத்தின் பிறப்பிடம். அந்தப் பகுதியைக் குறுக்காக வெட்டிப் போடப்பட்ட விரைவுச்சாலை ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீடு மாற வைத்தது. தொழிற்சாலை வேலைகள் குறைந்தன. 1970களில் தெற்கு பிராங்க்ஸில் தெருத்தெருவாகக் கட்டடங்கள் எரிந்தன. இளைஞர் கும்பல்கள் தெருக்களைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. சமாதானம் பேசப் போன ஓர் இளைஞர் கொல்லப்பட்டதை அடுத்து, 1971 டிசம்பரில் ஹோ அவென்யூவில் கும்பல்கள் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் ஒரு தெருப் பையன் அடுத்த தெருவில் நடக்கும் விருந்துக்குப் போய் ஆடிவிட்டு உயிரோடு திரும்ப முடிந்தது. இந்த ஆட்டத்தின் வரலாற்றில் இசைத்தட்டுக்கு நிகரான இடம் இந்த உடன்பாட்டுக்கும் உண்டு.

1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தார். பள்ளி திறக்குமுன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பது நோக்கம். இசைத்தட்டு ஓட்டியவர் அவருடைய அண்ணன் கிளைவ். சிறு வயதில் ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவரை ஊர் அறிந்த பெயர் டிஜே கூல் ஹெர்க். ஆடவந்தவர்கள் முழுப் பாட்டையும் பொறுத்துக்கொண்டு பிரேக்குக்காகக் காத்திருப்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும் வேளையில் மற்றதில் தொடங்கினார். சில நொடி இடைவெளி பல நிமிடங்களுக்கு நீண்டது. ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக இன்று உலகம் கொண்டாடுவது அந்த ஆகஸ்ட் இரவைத்தான்.

ஆட்டம் நின்றபடிதான் தொடங்கியது. ஜேம்ஸ் பிரவுனின் மேடைக் காலாட்டத்தைப் பார்த்துப் பழகிய பையன்கள், பிரேக் வந்ததும் வட்டத்துக்குள் இறங்கினார்கள். முதலில் நின்று போடும் காலடிகள். பிறகு சட்டென்று தரைக்கு இறக்கம். கைகளை ஊன்றிக் கால்களைச் சுழலவிடும் தரையாட்டம். கடைசியில் எதிராளியைப் பார்த்து உடம்பை ஒரு கோணத்தில் உறையவைக்கும் நிலை. ‘ஃப்ரீஸ்’ எனப்படும் அந்த உறைநிலைதான் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி. புரூக்லின் பக்கத்தில் வளர்ந்த ‘அப்ராக்’ என்ற ஆட்டமோ, வெட்டுவது, சுடுவது, வில்வளைப்பது போன்ற அபிநயங்களால் எதிராளியை அவமானப்படுத்தும் கலை. தொட்டுவிடக் கூடாது என்பது விதி. எசப்பாட்டில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கொடுப்பதைப் போல, ஒருவர் செய்த அசைவை மற்றவர் மிஞ்ச வேண்டும்; அடுத்தவருடையதைத் திருடி ஆடுவது இழுக்கு. நடுவர் கிடையாது. வென்றது யார் என்பதைச் சுற்றி நின்றவர்களின் கூச்சல் சொல்லும். அது சொல்லாதபோது வாய்த்தகராறு சொல்லும்.

அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால் அரங்கம் தயார். பழைய லினோலியம் விரிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. நைலான் மேற்சட்டை போட்டதில் பகட்டோடு பயனும் இருந்தது: முதுகில் சுழலும்போது நைலான் வழுக்கும். பூமா, அடிடாஸ் காலணிகளின் கயிற்றை அகலமாக விரித்து இஸ்திரி போட்டுக் கோர்ப்பதற்கு ஒரு மாலை நேரம் முழுக்கச் செலவானது. வசதியற்ற பிள்ளைகள் தங்களிடம் இருந்ததைப் பளபளப்பாக வைத்துக்கொண்ட அந்தக் கவனத்தைப் பழைய படங்களில் இன்றைக்குப் பார்த்தாலும் மனம் நெகிழ்கிறது.

பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. கேமராக்கள் வந்து சேர்ந்தபோது ஆட்டம் ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. முதல் தலைமுறைக் கறுப்பின பி-பாய்கள் 1970களின் கடைசியில் வளர்ந்து, வேறு ஆட்டங்களுக்குப் போய்விட்டார்கள். விட்டதை எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளிச் சிறுவர்கள். 1977இல் பிராங்க்ஸில் தொடங்கிய ராக் ஸ்டெடி குழுவும் கலைந்துபோகும் நிலையில்தான் இருந்தது. கிரேஸி லெக்ஸ் என்று பெயர் வாங்கிய ரிச்சர்ட் கொலோன் மன்ஹாட்டனுக்குக் குடிபோனபின் புது ஆட்களைத் தேடிச் சேர்த்து அதை மீண்டும் நிறுத்தினார். கென் ஸ்விஃப்டின் தரையாட்டம் அக்குழுவின் மகுடம். முதுகுச் சுழற்சியும், தோளும் முதுகும் தரையில் உருளக் கால்கள் காற்றாடியாகச் சுழலும் ‘விண்ட்மில்’லும் இந்தத் தலைமுறையில்தான் முழு வடிவம் பெற்றன.

1980இன் தொடக்கத்தில், வாஷிங்டன் ஹைட்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் கலவரம் என்று கேள்விப்பட்டு நாளிதழ்ப் புகைப்படக்காரர் மார்த்தா கூப்பர் போனார். பிடிபட்டவர்கள் சிறுவர்கள். தாங்கள் சண்டை போடவில்லை, ஆடினோம் என்று காவலர்களிடம் சொல்லி, நம்பவைக்க ஆடியும் காட்டினார்கள். கூப்பரின் படங்களோடு நடன விமர்சகர் சாலி பேன்ஸ் எழுதிய கட்டுரை 1981 ஏப்ரலில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மேட்டுக்குடிக் கலைகளின் கோயிலான லிங்கன் சென்டரின் திறந்தவெளியில் ராக் ஸ்டெடி குழுவும் குயின்ஸ் பகுதியின் டைனமிக் ராக்கர்ஸும் மோதின. வட்டம் கட்டிப் பழகிய ஆட்டத்துக்கு அங்கே கூட்டம் நெருக்கியடித்தது. பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

படம் எடுக்க வந்தவர்களையும் இதே சிக்கல்தான் எதிர்கொண்டது. வட்டத்துக்கு முன்பக்கம் கிடையாது. மேடை நடனம் பார்வையாளரை நோக்கி ஆடப்படுவது. பி-பாய் ஆடுவது எதிராளியை நோக்கி. கேமரா எங்கே நிற்பது? ஒவ்வொரு படமும் இந்தக் கேள்விக்கு வேறு வேறு விடை சொன்னது. அந்த விடையைப் பொறுத்தே அதன் மதிப்பும் அமைந்தது.

டோனி சில்வரும் ஹென்றி சால்ஃபண்ட்டும் எடுத்த ‘ஸ்டைல் வார்ஸ்’ சரியான இடத்தைக் கண்டுபிடித்தது. ரயில் பெட்டிகளில் வண்ணம் தீட்டும் சிறுவர்களைப் பற்றிய ஆவணப்படம் அது. அதன் நடுவே, குயின்ஸில் உள்ள ஒரு ஸ்கேட்டிங் அரங்கில் அதே இரு குழுக்களும் மோதும் காட்சி வருகிறது. கேமரா வட்டத்தின் விளிம்பில் ஆடுகிறவர்களின் நண்பன்போல நிற்கிறது. கால்கள் சில சமயம் சட்டத்தை விட்டு வெளியே போய்விடுகின்றன. யாரோ குறுக்கே வருகிறார்கள். ஆட்டம் பாதி, வாய்ச்சண்டை பாதி. பழைய மோதல்கள் எப்படி இருந்தன என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய சில நிமிடங்கள் இவைதாம். பின்னாளில் சன்டான்ஸ் என்று பெயர் பெற்ற விழாவில் 1984இல் இப்படம் ஆவணப்படப் பெரும்பரிசைப் பெற்றது.

சார்லி அஹர்னின் ‘வைல்ட் ஸ்டைல்’ கதைப்படம்தான், ஆனால் நடித்தவர்கள் பெரும்பாலும் தங்களையே நடித்தார்கள். ஓவியர் லீ கின்யோனெஸ் நாயகன், லேடி பிங்க் நாயகி. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஒரு சமையலறையில் நின்று இசைத்தட்டுகளை உரசிக் காட்டும் காட்சி, அக்கலையைக் கற்க விரும்பியவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆனது. ஆட்டக்காரர்களும் பாடகர்களும் ஒன்றுசேரும் கடைசி நிகழ்ச்சி, கிழக்கு ஆற்றங்கரைப் பூங்காவில் கைவிடப்பட்டுக் கிடந்த திறந்தவெளி அரங்கில் நடந்தது. நடிப்பு முரடாகவும் கதை மெலிதாகவும் இருந்தாலும், அந்த ஊரின் காற்று படச்சுருளில் அப்படியே இருக்கிறது.

‘ஃபிளாஷ்டான்ஸ்’ (1983) ஹிப்-ஹாப் படமே அல்ல. நாயகி தெருவில் நடந்துபோகும்போது ராக் ஸ்டெடி குழுவினர் ஆடுவது கொஞ்ச நேரமே வரும். உலகின் பெரும்பகுதி இந்த ஆட்டத்தை முதன்முதலில் கண்டது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். கடைசிக் காட்சியில் நாயகி முதுகில் சுழல்வதும் உண்மையில் பொய்முடி வைத்த கிரேஸி லெக்ஸ். பிராங்க்ஸ் பையன் தன் முகத்தை மறைத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்ற காட்சி அது.

1984 கோடையில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்தன. மே மாதம் வெளியான ‘பிரேக்கின்’, லாஸ் ஏஞ்சலஸில் நடப்பது. ஷபா-டூவும் பூகலூ ஷ்ரிம்ப்பும் அதில் ஆடியவை பெரும்பாலும் மேற்குக் கடற்கரையின் லாக்கிங், பாப்பிங் வகைகள். லாக்கிங் 1970களின் தொடக்கத்தில் டான் கேம்பல் உருவாக்கியது. பாப்பிங்கை வளர்த்தவர் ஃப்ரெஸ்னோ நகரத்து பூகலூ சாம். வேர் வேறான இவற்றைப் படம் ஒரே பெயரில் கட்டி உலகுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டு மேடைகளில் ‘பிரேக் டான்ஸ்’ என்று ஆடப்பட்டதிலும் கை வழியே அலை ஓடுவதும் பொம்மைபோல் நகர்வதுமே மிகுதி, தரையாட்டம் குறைவு. பெயர்க் குழப்பத்துக்குப் படத்தைக் குறைசொல்லலாம். துடைப்பத்தோடு ஷ்ரிம்ப் தனியாகத் தெருவில் ஆடும் காட்சியைப் பார்த்தவர் யாரும் ஆட்டத்தைக் குறைசொல்ல மாட்டார்.

ஜூனில் வந்த ‘பீட் ஸ்ட்ரீட்’ படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவர் பாடகர் ஹாரி பெலஃபாண்ட்டே. இயக்கியவர் ஸ்டான் லேதன். ராக்ஸி கிளப்பில் ராக் ஸ்டெடி குழுவும் நியூயார்க் சிட்டி பிரேக்கர்ஸும் மோதும் காட்சி அதன் உயிர். கேமராவுக்காக ஒழுங்குபடுத்தியதுதான், ஆனால் போட்டி உண்மை. இரு குழுக்களும் நிஜத்தில் எதிரிகள்; தோற்றதாகப் படத்தில் தெரிய யாரும் தயாராக இல்லை என்பது ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது.

படங்கள் ஊர்விட்டு ஊர் போயின. ‘வைல்ட் ஸ்டைல்’ குழுவினர் 1983இல் ஜப்பானுக்குப் போய் ஆடினார்கள். சில காலத்திலேயே டோக்கியோவின் யோயோகி பூங்காவில் ஞாயிறுதோறும் இளைஞர்கள் வட்டம் கட்டினார்கள். கிழக்கு ஜெர்மனி ‘பீட் ஸ்ட்ரீட்’டைத் திரையிட அனுமதித்தது, முதலாளித்துவ நாட்டின் வறுமையைக் காட்டும் படம் என்று அரசு கணக்கிட்டது. பிள்ளைகள் பார்த்தது வறுமையை அல்ல, சுழற்சியை. தெருக்களில் ஆட்டம் பரவியதும், அரசு குழுக்களைத் தேர்வு வைத்துத் தரம்பிரித்து உரிமம் கொடுக்கத் தொடங்கியது. வேறு நாடுகளில் வீடியோ கேசட்தான் ஆசான். ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாடா தேயும்வரை பார்த்துப் பழகினார்கள்.

1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவில் பெருந்திரளாக பிரேக்கர்கள் ஆடினார்கள். அதுவே உச்சம். விளம்பரங்களும் ‘பிரேக்கின்’னுக்கு அவசர அவசரமாக எடுத்த தொடர்ச்சிப் படமும் ஆட்டத்தைச் சலிக்கவைத்தன. 1986 வாக்கில் அமெரிக்காவில் அது பழைய மோகமாகிவிட்டது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கற்றவர்கள் விடவில்லை. 1990இல் ஜெர்மனியின் ஹனோவரில் ‘பேட்டில் ஆஃப் தி இயர்’ தொடங்கி, ஆண்டுதோறும் பல நாட்டுக் குழுக்களைச் சேர்த்தது. 2002இல் வந்த ‘தி ஃப்ரெஷஸ்ட் கிட்ஸ்’ ஆவணப்படம் முதல் தலைமுறையினரைத் தேடிப்பிடித்துப் பேசவைத்தது. கேமரா வருமுன் ஆடிவிட்டு ஓய்ந்தவர்களுக்குக் கிடைத்த தாமதமான இடம் அது.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் போட்டியாக நடந்தது. பெண்கள் பிரிவில் ஜப்பானின் அமியும் ஆண்கள் பிரிவில் கனடாவின் ஃபில் விசார்டும் தங்கம் வென்றார்கள். கூச்சலிடும் கூட்டத்தின் தீர்ப்புக்குப் பதிலாக ஒன்பது நடுவர்கள் அமர்ந்திருந்தார்கள். தளம் வட்டமாகவே போடப்பட்டிருந்தது. என்ன பாட்டு வரும் என்று ஆடுகிறவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. டிஜே இசைத்தட்டைத் தேர்ந்தெடுக்கும்வரை வட்டத்தின் ஓரத்தில் நின்று காத்திருந்தார்கள்.