கெகல் பயிற்சி

கெகல் பயிற்சி என்பது இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சி. முன் இடுப்பெலும்பிலிருந்து வாலெலும்பு வரை விரிந்திருக்கும் இத்தசைகள் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. பிரசவத்தால் இவை தளர்ந்தால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியலாம். புராஸ்டேட் அறுவைக்குப் பிந்தைய கசிவுக்காக ஆண்களுக்கும் இதே பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.

இத்தசைகளைச் சுருக்கும் வழக்கம் பழையது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை, குதத்தைச் சுருக்கும் மூலபந்தத்தை விவரிக்கிறது. ஆனால் அங்கே நோக்கம் அபானன் எனும் கீழ்நோக்கிய உயிர்க்காற்றை மேலே ஏற்றுவது. கசிவைப் பற்றிய பேச்சே இல்லை. நம் முன்னோர் அன்றே கண்ட மருத்துவம் என்று இதைக் கொண்டாடினால் யோகத்துக்கும் நியாயமாகாது, மருத்துவத்துக்கும் நியாயமாகாது. பிரிட்டிஷ் நடனக் கலைஞர் மார்கரெட் மாரிஸ் மகப்பேற்றுக்குப் பிந்தைய உடற்பயிற்சிகள் பற்றி 1936இல் வெளியிட்ட நூலிலும் இத்தசைகளுக்கு இடமுண்டு.

அப்படியிருக்க, பயிற்சிக்கு ஆர்னால்டு கெகல் (1894–1972) பெயர் வந்ததற்குக் காரணம் அவர் கொண்டுவந்த அளவீடு. லாஸ் ஏஞ்சலஸில் பணியாற்றிய இந்த மகளிர் நோய் மருத்துவர், அறுவையால் சரிசெய்த பிறகும் பல பெண்களுக்குத் தசை செயலற்றே கிடப்பதைக் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத தசையைச் சுருக்கச் சொன்னால் வயிற்றையும் தொடையையும் இறுக்குவார்கள். இதற்காகப் பெரினியோமீட்டர் என்ற கருவியை உருவாக்கினார். யோனிக்குள் வைக்கும் காற்றடைத்த ரப்பர் உறை ஒன்று, அதனுடன் குழாயால் இணைத்த அழுத்தமானி, அவ்வளவுதான். தசை சுருங்கினால் முள் நகரும். எத்தனை மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்பதை அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ளலாம். நாள்தோறும் மும்முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் எனப் பழகச் சொன்னார். அவருடைய கட்டுரை 1948இல் அமெரிக்க மகப்பேறியல் இதழில் வெளியானது. உடலியக்கத்தைக் கருவியில் காட்டித் திருத்தும் முறைக்கு 'பயோஃபீட்பேக்' என்ற பெயர் புழக்கத்துக்கு வர இன்னும் இருபதாண்டு இருந்தது.

பின்னர் பெயர் பரவியது, கருவி மறைந்தது. "இறுக்கிப் பிடியுங்கள்" என்ற வாய்ச்சொல்லும் ஒரு துண்டுத்தாளுமே பல இடங்களில் மிஞ்சின. அதன் விளைவை 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய பாதிப் பேரே சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் செய்தார்.

நார்வேயின் காரி பூவும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், யோனியில் வைக்கும் எடைக்கூம்புகளையும் மின்தூண்டலையும் விட மேற்பார்வையுடன் செய்த பயிற்சியே கசிவை அதிகமாகக் குறைத்தது. இன்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் குறைந்தது மூன்று மாத மேற்பார்வைப் பயிற்சியை முதல் சிகிச்சையாக வைக்கிறது: ஒரு தடவைக்குக் குறைந்தது 8 சுருக்கங்கள், நாளுக்கு மும்முறை. பயிற்சியைத் தொடங்குமுன் தசை உண்மையிலேயே சுருங்குகிறதா என்று பரிசோதித்துப் பார்க்கவும் சொல்கிறது.