பி.இ. கலந்தாய்வு: காலேஜா, கோர்ஸா? சாய்ஸ் லிஸ்ட் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் 2 ரிசல்ட் வந்த அன்றே வீட்டில் கேள்விகள் ஆரம்பித்துவிடும். "கட் ஆஃப் எவ்வளவு?", "சி.எஸ். கிடைக்குமா?", "வீட்டுக்குப் பக்கத்து காலேஜே போதுமே?" என்று ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள். மதிப்பெண் வந்த பிறகு கட் ஆஃபை மாற்ற முடியாது. ஆனால் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை, எந்தப் பிரிவை, எந்த வரிசையில் போடுவது என்பது முழுக்க மாணவரின் கையில்தான் இருக்கிறது. அந்த வரிசையில் செய்யும் ஒரு தவறு நான்கு ஆண்டுகளைப் பாதிக்கும். அதனால் லிஸ்ட் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

கட் ஆஃப் கணக்கிடுவது எப்படி?

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புகளுக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்கள், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஒற்றைச் சாளர கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. 2018 முதல் இது ஆன்லைனில் நடக்கிறது. இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண்தான் அடிப்படை.

கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உதாரணமாக, கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்த மாணவருக்கு 92 + 42 + 44 = 178 கட் ஆஃப் வரும். அதாவது, கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட் ஆஃபில் ஒன்று போகும். மற்ற இரண்டில் ஒரு மதிப்பெண் குறைந்தால் அரைதான் போகும். கட் ஆஃப் ஒரே மாதிரி வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணையும், அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். எல்லாமே சமமாக இருந்தால் கடைசியில்தான் ரேண்டம் எண் வேலைக்கு வரும்.

ரேங்க் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பொது ரேங்க் இருக்கும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சமூக ரேங்கும் உண்டு. மொத்த இடங்களில் பொதுப் பிரிவுக்கு 31%, பி.சி. 26.5%, பி.சி. முஸ்லிம் 3.5%, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20%, எஸ்.சி. 15%, அருந்ததியர் 3%, எஸ்.டி. 1% என்று ஒதுக்கப்படுகிறது. ரேங்க் வந்தால் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரும் பொதுப் பிரிவு இடத்தைப் பெறலாம். எனவே முந்தைய ஆண்டு கட் ஆஃபைப் பார்க்கும்போது தன்னுடைய பிரிவுக்கு எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். பொதுப் பிரிவு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "நமக்கு வராது" என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சாய்ஸ் வரிசையில் நடக்கும் பெரிய தவறு

நிறைய பேர் செய்யும் தவறு இதுதான். "பெரிய காலேஜை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், நிச்சயமா கிடைக்கிற காலேஜும் போயிடுமே" என்ற பயத்தில், சுலபமாகக் கிடைக்கும் கல்லூரியை முதல் இடத்தில் போட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பயம் தேவையில்லாதது. கணினி முறை ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் விருப்பத்தில் இடம் இல்லை என்றால் இரண்டாவதைப் பார்க்கும், பிறகு மூன்றாவது. ஒரு கல்லூரியை 10-வது இடத்தில் வைத்ததற்காக, ரேங்கில் பின்னால் இருப்பவர் அந்த இடத்தை முந்திக்கொண்டு எடுத்துவிட முடியாது. எனவே மிகவும் பிடித்ததை மேலே போடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை.

நஷ்டம் வருவது அதற்கு நேர்மாறாகச் செய்யும்போதுதான். 20 விருப்பங்கள் கொண்ட பட்டியலில் ஒருவருக்கு 6-வது விருப்பம் ஒதுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு அவருக்கு முன்னேற வாய்ப்பு இருப்பது 1 முதல் 5 வரை உள்ளவற்றில் மட்டும்தான். 7-வது இடத்தில் இருந்ததுதான் உண்மையில் பிடித்தது என்றாலும் அந்தப் பட்டியலில் அதற்குத் திரும்பிப் போக முடியாது. "சும்மா போட்டு வைப்போம்" என்று மேலே வைத்த ஒரு கல்லூரி, கடைசியில் சேர வேண்டிய கல்லூரியாகிவிடும்.

இன்னொரு பக்கம், கட் ஆஃபுக்கு எட்டாத கல்லூரிகளை மட்டும் ஐந்தாறு போட்டுவிட்டு நிறுத்துவதும் ஆபத்துதான். எதுவுமே ஒதுக்கப்படாமல் போகலாம். மேலே ஆசைப்படுபவை, நடுவில் கட் ஆஃபுக்கு ஒத்து வருபவை, கீழே நிச்சயம் கிடைக்கக்கூடியவை என்று நீளமான பட்டியலாகப் போடுவதே பாதுகாப்பு.

'அப்வேர்டு' என்றால் என்ன?

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், குறிப்பிட்ட நேரத்துக்குள் மாணவர் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடத்தை ஏற்றுச் சேரலாம். கிடைத்ததை வைத்துக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். இதுதான் 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு'. கிடைத்ததை விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது 'டிக்ளைன் அண்ட் அப்வேர்டு'. அடுத்த சுற்றுக்குப் போவது, முழுவதுமாக விலகுவது ஆகிய வாய்ப்புகளும் உண்டு.

கவனிக்க வேண்டியது, அக்செப்ட், டிக்ளைன் என்ற அந்த ஒரு சொல்லை. முதலாவதில் மேலே கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு இடம் இருக்கும். இரண்டாவதில் அந்தப் பிடிமானம் இருக்காது. நேரக் கெடுவைத் தவறவிடுவதும், ஏற்ற பிறகு சொன்ன தேதிக்குள் கட்டணம் செலுத்தாமல் விடுவதும் இடத்தை இழக்கச் செய்யும்.

பிரிவின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஒரு பிரிவைத் தேர்வு செய்யும் முன் அதன் எட்டு செமஸ்டர் பாடப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அண்ணா பல்கலைக்கழக இணையதளத்திலும், தன்னாட்சிக் கல்லூரிகள் என்றால் அந்தக் கல்லூரி இணையதளத்திலும் பாடத்திட்டம் இருக்கும். பெயரை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்: டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் போன்ற அடிப்படைப் பாடங்கள் இவற்றில் பெருமளவு பொதுவானவை. ஏ.ஐ. படிப்பில் புள்ளியியலும் கணிதமும் கூடுதலாக இருக்கும். "கணக்கு வராது, அதனால ஏ.ஐ. எடுக்கிறேன்" என்பது சரிப்பட்டு வராது.

இ.சி.இ., இ.இ.இ.: சர்க்யூட், சிக்னல், மின்காந்தப் புலம், மின் இயந்திரங்கள் என்று இயற்பியலும் கணிதமும் கலந்த பாடங்கள் அதிகம்.

மெக்கானிக்கல், சிவில்: தெர்மோடைனமிக்ஸ், பொருட்களின் வலிமை, திரவ இயக்கவியல், சர்வே, கட்டமைப்பு வடிவமைப்பு போன்றவை வரும். ஒர்க்‌ஷாப்பிலும் சைட்டிலும் நின்று வேலை பார்க்கத் தயாராக இருக்க வேண்டும்.

கெமிக்கல்: இது வேதியியல் பட்டப்படிப்பு அல்ல. ஆலையில் வெப்பம், திரவ ஓட்டம், வினைக்கலன் ஆகியவற்றைக் கணக்கிடும் பொறியியல். இதிலும் கணிதம் நிறைய உண்டு.

ஏரோநாட்டிக்கல்: விமானத்தின் வடிவமைப்பு, இயக்கம் பற்றிய படிப்பு. இதைப் படித்தால் பைலட் ஆகிவிட முடியாது. அதற்குத் தனிப் பயிற்சியும் உரிமமும் தேவை.

அக்ரிகல்ச்சர் இன்ஜினியரிங்: பாசனம், பண்ணை இயந்திரம், மண் மற்றும் நீர் பாதுகாப்பு சார்ந்தது. வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மை படிப்பு வேறு, இது வேறு.

பி.இ., பி.டெக். என்ற பெயர் வித்தியாசத்துக்காகக் குழம்பத் தேவையில்லை. இரண்டும் சம மதிப்புள்ள நான்கு ஆண்டுப் பட்டங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ., ஐ.டி. பி.டெக்., அவ்வளவுதான். பிளஸ் 2-வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களும் கம்ப்யூட்டர் பிரிவில் சேரலாம். புரோகிராமிங் முதல் செமஸ்டரில் ஆரம்பத்திலிருந்தே சொல்லித் தரப்படுகிறது.

முதல் ஆண்டில் என்ன எதிர்பார்க்கலாம்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் எல்லாப் பிரிவினருக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம் ஆகியவை பொதுவாக இருந்தன. 'தமிழர் மரபு' என்ற பாடமும் உண்டு. அதாவது, சிவில் சேர்ந்தவரும் பைத்தான் எழுத வேண்டும், ஐ.டி. சேர்ந்தவரும் வேதியியல் படிக்க வேண்டும்.

பலரும் முதல் அரியர் வைப்பது இந்தப் பொதுப் பாடங்களில்தான். பள்ளியில் ஒரு வருடம் படித்த பாடத்துக்கு ஒரே பொதுத் தேர்வு. இங்கே சில மாதங்களில் ஒரு செமஸ்டர் முடிந்துவிடும். 2021 விதிமுறைப்படி தியரி பாடங்களில் 40% இன்டர்னல், 60% செமஸ்டர் தேர்வு. இன்டர்னலை அலட்சியமாக விட்டால் கடைசி நேரப் படிப்பு கைகொடுக்காது.

தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு முதல் சில மாதங்கள் கூடுதல் சிரமம். பாடம் தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுத முடியாமல் திணறுவது சகஜம். இது திறமைக் குறைவு அல்ல. எனவே கல்லூரியைத் தேர்வு செய்யும்போதே, தமிழ் வழி மாணவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேட்டுவிடலாம். சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ் வழிப் படிப்பும் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கப்பட்டது.

கல்லூரியை எடைபோட எந்த எண்ணைப் பார்ப்பது?

பேனரில் இருக்கும் "உயர்ந்தபட்ச சம்பளம்" ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். அதை விட்டுவிட்டு மூன்று எண்களைத் தேட வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டுக்குள் முடித்தார்கள்? முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இந்த விவரங்களைச் சமர்ப்பிக்கின்றன. சராசரி மாணவரின் நிலையைக் காட்டும் இடைநிலைச் சம்பளமும் அதில் இருக்கும். அதேபோல நாக் அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது. என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. "எங்க காலேஜ் என்.பி.ஏ. வாங்கியிருக்கு" என்று சொன்னால், எந்தப் பிரிவுக்கு என்று கேட்க வேண்டும்.

காலேஜா, கோர்ஸா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. ஒரு பாடத்தில் உறுதியான ஆர்வம் இருந்தால் பிரிவுக்கு முன்னுரிமை தரலாம். அப்படி எதுவும் இல்லை, "எது கிடைத்தாலும் படிப்பேன்" என்பவர்கள், மாணவர்களில் பெரும்பாலோர் நேரத்துக்குப் படிப்பை முடிக்கும் நல்ல கல்லூரிக்கு முன்னுரிமை தருவது நல்லது. ஆர்வமில்லாத பிரிவு, பலவீனமான கல்லூரி இரண்டும் சேர்ந்து வரும் வாய்ப்பைப் பட்டியலின் மேல்பகுதியில் வைக்கவே கூடாது.

கட்டணம், சலுகைகள்

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் உள்ளது. இதில் சேர்பவர்களின் கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அது ஒற்றைச் சாளர முறையில் சேர்பவர்களுக்கு மட்டுமே. கலந்தாய்வுக்கு முன்பே அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. நன்கொடை வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் 2022, 2024-ம் ஆண்டுகளில் தொடங்கப்பட்டன.

கட்டணம் கேட்கும்போது மொத்தத் தொகையைக் கேட்காமல் கல்விக் கட்டணம், பேருந்து, விடுதி, தேர்வு, பயிற்சி என்று பிரித்துக் கேட்க வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவும் இருக்கும். ஒரே கல்லூரி, ஒரே படிப்பு என்றாலும் அதற்குப் பிரிவுக் குறியீடும் கட்டணமும் வேறு.

சமர்ப்பிக்கும் முன் கடைசியாக...

கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால், பெயரோடு கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் சரிபார்க்க வேண்டும். பட்டியலை முதலில் பேப்பரில் எழுதி, ஒவ்வொரு இரண்டு விருப்பங்களுக்கு இடையிலும் "இது கிடைத்தால் அடுத்தது வேண்டாம் என்று சொல்வேனா?" என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் "இல்லை" என்று வந்தால் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும்.

பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் பிரவுசிங் சென்டரிடமோ, "நாங்களே போட்டுத் தர்றோம்" என்று வரும் ஏஜென்டிடமோ கொடுக்கக் கூடாது. உதவி தேவைப்பட்டால் மாவட்டங்களில் உள்ள அரசின் கலந்தாய்வுச் சேவை மையங்களுக்குப் போகலாம். வரிசையை மட்டும் மாணவரே உட்கார்ந்து போட வேண்டும். ஏனென்றால் அந்த நான்கு வருடமும் வகுப்பில் உட்காரப் போவது அவர்தான்.