பாட்டு கட்டியவர் பெயர்: வடசென்னைக் கானாவும் பதிப்புரிமையும்



மறைந்த ஒருவரின் பெயரைச் சொல்லி நாம் இங்கே கூடியிருக்கிறோம். வடசென்னையில் இதே வேலையை நெடுங்காலமாகச் செய்துவருவது மரண கானா. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ சாவு விழுந்த வீட்டு வாசலில் இரவெல்லாம் பாட்டு நடக்கும். இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், அவர் பார்த்த வேலை, வாழ்ந்த தெரு எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். ஆனால் அந்தப் பாட்டைக் கட்டியவரின் பெயரைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைத்ததில்லை. ஊரார் பெயரையெல்லாம் காப்பாற்றியவர்களின் பெயர் எப்படித் தொலைந்தது? அவர்கள் பாட்டு விலைபோனபோது அந்தக் காசு யாரிடம் சேர்ந்தது? இன்றைய உரை இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

துறைமுகத்துப் பதிவேடு

கானா வளர்ந்த மண் உழைப்பாளர்களின் மண். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856இல் ராயபுரத்தில் திறக்கப்பட்டது. துறைமுகமும் பெரம்பூர் பின்னி ஆலையும் வளர்ந்தன. பிறகு திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று ஆலைகள் வடக்கே நீண்டன. சுற்று மாவட்டச் சேரிகளிலிருந்து வந்த நம் முன்னோர் இங்கே மூட்டை தூக்கினார்கள், தறி ஓட்டினார்கள், கரி சுமந்தார்கள். 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று.

துறைமுக வேலை நெடுநாள் அன்றாடக் கூலியாகவே இருந்தது. மேஸ்திரி கைகாட்டியவருக்கு வேலை. கப்பல் வராத நாளில் பட்டினி. 1948ஆம் ஆண்டு கப்பல்துறைத் தொழிலாளர் வேலை முறைப்படுத்தல் சட்டம், தொழிலாளரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்தது. பெயர் ஏறியவர்களுக்கு முறைப்படி வேலை, வேலை கிடைக்காத நாளுக்கும் குறைந்தபட்சக் கூலி என்ற ஏற்பாட்டுக்கு அது இடம் கொடுத்தது. பதிவேட்டில் பெயர் இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தீர்மானிக்கும் என்பதை இந்தப் பகுதிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பகலில் மூட்டை தூக்கியவரின் பெயர் இப்படி ஏட்டில் ஏறியது. இரவில் அவரே கட்டிய பாட்டுக்கு மட்டும் ஏடு இல்லை.

சட்டம் யார் பக்கம் நின்றது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. திரைப்படப் பாடல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்து இசையமைக்கச் செய்த தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதன் முதல் உரிமையாளர் என்றது அத்தீர்ப்பு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்புச் சேர்த்து, பாடகரை நம் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை என்று வருந்தினார்.

பிறகு வந்த திருத்தங்களின் வரிசையைப் பாருங்கள். திருட்டுக் கேசட்டையும் வீடியோவையும் தடுக்க 1984இல் திருத்தம் வந்தது. அதனால் முதலில் பலன் பெற்றவை நிறுவனங்கள். பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு என்பதை ஏற்க 1994 ஆயிற்று. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை விற்றுவிட்டாலும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு ஈட்டும் ராயல்டியில் அவர்களுக்குச் சமபங்கு உண்டு, அதை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் விட்டுவிட முடியாது என்று சொன்னது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். முதலாளிக்கு முதலிலும் பாட்டாளிக்குக் கடைசியிலும் கதவு திறந்தது.

‘மரபு’ என்ற சொல்

ஒலிநாடாக் காலத்தில் கானா தெருவைத் தாண்டியது. 1990களில் தேவாவின் இசையில் திரைப்படத்துக்குள் பரவலாக நுழைந்தது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதனும், 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவும் தங்கள் பெயரோடும் குரலோடும் வந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் பெயர் இல்லாமல் போன மெட்டுகள் எத்தனையோ. கேட்டால், ‘அது மரபுப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை’ என்பார்கள். சட்டமும் அவர்களுக்கே வசதியாக இருக்கிறது. நாட்டார் வழக்காறுகளுக்கென்று நம் பதிப்புரிமைச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு கிடையாது.

மறுபக்கம், கானாவும் திரைப்பட மெட்டுகளை எடுத்தாண்ட கலைதான். கேட்ட மெட்டில் புதுச் சொல்லைப் போட்டுப் பாடுவது அதன் வழக்கம். அப்படிப் பாடிய பாட்டை இன்று யூடியூபில் ஏற்றினால், தானியங்கிக் கருவி அதைக் கண்டுபிடித்து, விளம்பரக் காசை ஆடியோ நிறுவனத்துக்குத் திருப்பிவிட முடியும். நம் மெட்டு அவர்களிடம் போனால் மரபு. அவர்கள் மெட்டு நம்மிடம் வந்தால் திருட்டு. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைப்பது நமக்குப் புதிதா என்ன?

பாரதி பாடல்களின் கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவற்றை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு திரைப்பட நிறுவனத்தின் கையில் இருந்தது. எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் குரல் எழுப்பினார்கள். 1949இல் அரசு உரிமையைப் பெற்றது. பின்னர் அது பொதுவுடைமை ஆயிற்று. பாரதிக்கு நடந்தது நல்ல காரியம். ஆனால் அங்கே அச்சிட்ட நூலும் ஆசிரியர் பெயரும் கேட்பதற்கு ஆட்களும் இருந்தார்கள். உரிமை யாருடையது என்று தெரிந்த பிறகே அதைப் பொதுவாக்க முடிந்தது. கானாவோ யாருடையது என்று கேட்கப்படாமலேயே பொதுவாயிற்று.

இணைய மேடையின் கணக்கு

2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. 19 பேர் கொண்ட அந்தக் குழுவின் பெயர், சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்தது. அதில் பாடிய இசைவாணி ராயபுரத்துப் பெண். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

அதே குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, 2021 மார்ச்சில் தீயோடு சேர்ந்து ‘எஞ்சாயி எஞ்சாமி’யைத் தந்தார். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா நிறுவனம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. யூடியூபில் 40 கோடி முறைக்கும் மேல் பார்க்கப்பட்ட பாட்டு அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு அவர் இல்லாமல் ஒலித்தது. எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்று அறிவு சொன்னார். மூவரின் கூட்டுழைப்பு அது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். 2024 மார்ச்சில் அவரே, மூவருக்குமே அப்பாட்டிலிருந்து இதுவரை ஒரு பைசா வரவில்லை என்று அறிவித்தார். நிறுவனம் தன் தரப்பை அறிக்கையாக வெளியிட்டது.

இதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. உலகமே பார்த்த பாட்டுக்கு, பெயர் தெரிந்த கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், திருவொற்றியூரில் கைப்பேசியில் பாடி ஏற்றும் தம்பிக்கு என்ன நிலை? யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. நகலைக் கண்டுபிடிக்கும் கருவியை அந்நிறுவனம் எல்லாருக்கும் தருவதில்லை. நிறைய உரிமைகளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே தருகிறது. ஆகவே தம்பி ஓர் இடைத்தரகரைத் தேடிப் போகிறார். பழைய மேஸ்திரி புது உருவில் நிற்கிறார்.

நாம் செய்யக்கூடியது

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. பாட்டை எழுதினாலோ ஒலிப்பதிவு செய்தாலோ அப்போதே உரிமை பிறந்துவிடுகிறது. தேவைப்படுவது சான்று. உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘என்றென்றைக்கும், உலகம் முழுதும்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிறது. அதில் உறுப்பினராகாதவரின் பங்கு வீடு தேடி வராது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நான்கு பேர் மாற்றி மாற்றிக் கட்டிய பாட்டை ஒருவர் மட்டும் தன் பெயரில் எழுதிக்கொண்டால், வெளியார் செய்ததை நமக்குள்ளேயே செய்தவர்களாவோம். கூட்டாகப் படைத்ததற்குக் கூட்டுரிமை உண்டு என்று சட்டம் ஏற்கிறது. சாவு வீட்டில் அடுத்தவர் பாட்டைப் பாடும் வழக்கத்துக்கு யாரும் விலை வைக்கக் கூடாது. விற்பவரிடம்தான் பங்கு கேட்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை தெருத்தெருவாகப் போங்கள். மூத்த பாடகர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இந்தப் பாட்டை யார் கட்டினார், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு, டோலக்கு வாசித்தவர் யார் என்று கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். எழுதிய தாளின் ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். நாளை ஒரு நிறுவனம் வந்து ‘இது மரபுப் பாட்டு’ என்றால், எடுத்துக்காட்ட அந்தத் தாள் வேண்டும்.